முள் பாதி சொல்லும், அம்பு மீதி சொல்லும்

இந்த வாரத் தபாலில் ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி, சிப்காட் பக்கத்துக் கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாமே வளைவைப் பற்றித்தான். வளைந்து போகும் பொருளை வெக்டர் எப்படிப் பிடிக்கிறது என்று ஆளாளுக்கு ஒரு கோணத்தில் கேட்டிருக்கிறார்கள். பெயர் வேண்டாம், தொழில் போதும் என்றார்கள். அப்படியே போட்டாயிற்று.

பிளஸ் 1 மாணவி, ஜூஜுவாடி: வளைவில் ஸ்கூட்டியின் ஸ்பீடோமீட்டர் முள் 40-லேயே நிற்கிறது. வேகம் மாறவில்லை. ஆனாலும் முடுக்கம் உண்டு என்கிறார் டீச்சர். எப்படி?

முள் அளவைச் சொல்லும், திசையைச் சொல்லாது கண்ணு. திசைவேகம் ஓர் அம்பு. அம்பு நீண்டாலும் முடுக்கம், குறுகினாலும் முடுக்கம், சும்மா திரும்பினாலும் முடுக்கம்.

கிழக்கே 40-ல் போய், அதே 40-ல் வடக்கே திரும்பு. பழைய அம்பு, புதிய அம்பு இரண்டையும் வாலோடு வால் சேர்த்து வரைந்து, நுனிக்கு நுனி அளந்து பார். 56-க்கும் மேல் வரும். முள் அசையவே இல்லை, மாற்றம் மட்டும் மணிக்கு 56 கிலோமீட்டர்! டீச்சருக்கே என் ஓட்டு.

அதே மாணவி: அப்படியானால் யூ-டர்ன் போட்டால்?

80. இருக்கிற வேகத்தில் இரண்டு மடங்கு. அத்திப்பள்ளி வரை போய்த் திரும்புகிற ஒவ்வொருவரும் கட்டுகிற சுங்கம் இது. வசூலிப்பது டயர்.

டவுன் பஸ் பயணி, ஓசூர்: பஸ் திரும்பும்போது என்னைப் பக்கத்து சீட்காரர் மேல் தள்ளுவது யார்?

ஒருவரும் தள்ளவில்லை. நீங்கள் நேராகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள், பஸ்தான் வளைகிறது. சீட்டும் கம்பியும் பிடித்து இழுக்கும்வரை உங்கள் அம்பு பழைய திசையை விடாது. பக்கத்து சீட்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது டிரைவர்.

பாலிடெக்னிக் மாணவர், கிருஷ்ணகிரி: மையவிலக்கு விசை பொய் என்கிறார்கள், பாடத்திலோ இருக்கிறது. எதை நம்புவது?

எங்கே நின்று பார்க்கிறாய் என்பதைப் பொறுத்தது தம்பி. ரோட்டோரம் நிற்பவனுக்கு அது தேவையே இல்லை. மையநோக்கு விசை ஒன்றே போதும். பஸ்ஸோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே கணக்குப் போடுபவனுக்கு அது இல்லாமல் கணக்கு நேராகாது. ஹைகன்ஸ் 1673-ல் வெளியிட்ட ஊசல் கடிகார நூலின் கடைசியில் இதற்கான தேற்றங்களை வரிசையாக வைத்தார். பொய்க்கு யாரும் தேற்றம் எழுதுவதில்லை.

விடைத்தாளில் முதல் வரியிலேயே எங்கே நிற்கிறாய் என்று எழுதிவிடு. இரண்டு இடத்திலும் கால் வைத்தவன் மார்க்கை இழப்பான்.

கடிகாரத் தொழிலாளி, ஓசூர்: வாழ்நாளெல்லாம் நொடி முள் பொருத்தியவன் நான். அதிலும் இந்தக் கணக்கு உண்டா?

உங்களைவிட இதற்கு உரிமை யாருக்கு? டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் டைட்டனைத் தொடங்கி ஓசூரில் ஆலை வைத்ததிலிருந்து, இந்த ஊர் வட்ட இயக்கத்தைத்தான் பெட்டியில் போட்டு விற்கிறது.

முள்ளின் நீளம் 12 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒரு நிமிடத்தில் நுனி நடப்பது 75 மில்லிமீட்டர். அதே நிமிடத்தில் அதன் இடப்பெயர்ச்சி? சுழி. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. நடந்த தூரத்தைக் கேட்டால் 75, எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் எங்குமில்லை. ஆனால் உலகத்துக்கு ஒரு நிமிடம் காட்டிவிட்டது. வேலை அதுதானே!

விஎம்சி (கணினி வழி வெட்டும் மெஷின்) ஆபரேட்டர், சிப்காட்: ஜி02, ஜி03 கட்டளைகளைத் தினமும் அடிக்கிறேன். அதில் வெக்டர் இருக்கிறது என்று செட்டர் சொல்கிறார். சும்மா விடுகிறாரா?

சத்தியமாகச் சொல்கிறார். வில் வெட்டும்போது எக்ஸ், ஒய் அடித்துவிட்டு, ஐ, ஜே என்று இரண்டு எண் அடிக்கிறீர்களே, அவை என்ன? பெரும்பாலான கன்ட்ரோலர்களில், டூல் நிற்கும் இடத்திலிருந்து வட்டத்தின் மையத்துக்குப் போகிற அம்பு.

டூல் எக்ஸ் 50, ஒய் 0-ல் நிற்கிறது. மையம் ஜீரோவில். அப்படியானால் ஐ மைனஸ் 50, ஜே 0. ஜி03 இடஞ்சுழி, கால் வட்டம் முடிந்ததும் டூல் எக்ஸ் 0, ஒய் 50-ல் நிற்கும். பள்ளிக்கூடத்தில் ஐ, ஜே தலையில் தொப்பி வைத்து எழுதச் சொன்னார்கள். ஷாப் ஃப்ளோருக்கு வந்ததும் தொப்பி கழன்றது, ஆள் அவரேதான்.

அவரே: ஆர் என்று ஆரத்தை மட்டும் போட்டாலே வில் வந்துவிடுகிறதே. ஐ, ஜே எதற்கு?

ஆரை வைத்து ஒரு முழு வட்டம் வெட்டிப் பாருங்கள். புறப்படும் புள்ளியும் முடியும் புள்ளியும் ஒன்று. அந்தப் புள்ளி வழியாக அதே ஆரத்தில் எண்ணற்ற வட்டங்கள் போகலாம். எதை வெட்டுவது? பாவம் மெஷின், அலாரம் அடிக்கும் அல்லது நின்றுவிடும்.

அரை வட்டத்துக்கு மேல் போனால் ஆருக்கு மைனஸ் குறி போட வேண்டியிருக்கிறதே, அதற்கும் மூலகாரணம் இதுதான். ஆர் நீளத்தை மட்டும் சொல்கிறது. ஐ, ஜே திசையையும் சொல்கிறது. திசை சொல்லாதவன் பேச்சு பாதிப் பேச்சு.

இன்னொரு ஆபரேட்டர், மூக்கண்டப்பள்ளி: பாக்கெட்டின் உள் கார்னரில் மட்டும் ஃபினிஷ் கெடுகிறது, டூல் கத்துகிறது. ஃபீட் ஒன்றுதானே?

ஒன்றல்ல. புரோகிராமில் போட்ட ஃபீட் டூலின் மையத்துக்கு. சுவரைத் தொடுவது டூலின் ஓரம்.

கார்னர் ஆரம் 20, எண்ட் மில்லின் ஆரம் 8 என்றால், டூல் மையம் 12 ஆரத்தில்தான் சுற்றுகிறது. மையம் 12-ல் நடக்கும்போது ஓரம் 20-ல் ஓடியாக வேண்டும். நீங்கள் நிமிடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் என்று போட்டீர்கள். சுவர் வாங்கியது கிட்டத்தட்ட 1,670. கார்னரில் ஃபீடை 600 ஆக்குங்கள், சுவருக்குச் சரியாக 1,000 போய்ச் சேரும். சில கன்ட்ரோலர்கள் இதைத் தாமே செய்துகொள்ளும். உங்களுடையது செய்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். சூப்பர்வைசர் டூலைத் திட்டும்முன் 12-ஐ 20-ஆல் வகுத்துக் காட்டுங்கள்.

அவரே: நேர்க்கோடு முடிந்து வில் தொடங்கும் இடத்தில் ஜாபில் மெல்லிய கோடு விழுகிறது. இரண்டும் தொடுகோடாகத்தான் சேர்கின்றன. பிறகு ஏன்?

அருமையான கேள்வி, இந்த வாரத்து முதல் பரிசு உங்களுக்கு. திசை ஒட்டிவிட்டது, சரி. வளைவு ஒட்டவில்லையே! நேர்க்கோட்டில் மையநோக்கு முடுக்கம் சுழி. வில்லின் முதல் புள்ளியிலேயே அது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்த அளவு. சுழியிலிருந்து ஒரே தாவலில் முழு அளவு. அந்தத் தாவலை ஸ்பிண்டிலும் ஸ்லைடும் உதறலாக வாங்கி, ஜாபின் மேல் கையெழுத்துப் போடுகின்றன.

கூர்மையான மூலையில் இது இன்னும் மோசம். நிற்காமல் மூலை திரும்ப எல்லையற்ற முடுக்கம் வேண்டும். அது எந்த மோட்டாரிலும் இல்லை. அதனால் ஒன்று மெஷின் நின்று திரும்பும், இல்லையேல் மூலையைச் சற்று உருட்டிவிடும். ஜி61-க்கும் ஜி64-க்கும் உள்ள தகராறு இதுதான்.

சிவில் பட்டதாரி, சூளகிரி: ரோட்டிலும் அந்தத் தாவல் இருக்குமே?

இருக்கக் கூடாது என்றுதான் நேர்ப் பாதைக்கும் வட்ட வளைவுக்கும் நடுவே ஒரு மாறுநிலை வளைவு வைக்கிறார்கள். அதில் வளைவு சிறுகச் சிறுகக் கூடும், ஸ்டியரிங்கும் சிறுகச் சிறுகத் திரும்பும். நம் நெடுஞ்சாலைகளுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் பரிந்துரைப்பது சுருள் வளைவு. ரயில்வே பிடித்திருப்பது முப்படிப் பரவளைவு. துறைகள் வேறு, பயணியின் காபி சிந்தக் கூடாது என்ற கவலை ஒன்று.

அவரே: வளைவில் ரோட்டைச் சாய்த்துக் கட்டுகிறார்களே, முழு வேகத்துக்கும் சாய்த்தால் விபத்தே இருக்காதல்லவா?

அங்கே மெதுவாகப் போகிறவன் உள்பக்கம் சரிவான். நம் சாலையில் காரும் போகும், கரும்பு டிராக்டரும் போகும். அதனால் வடிவமைப்பு வேகத்தில் முக்கால் பங்குக்குத்தான் சாய்வுக் கணக்கு; மீதியை டயரின் உராய்வு பார்த்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் சாய்வு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பனி பெய்யாத மலையில் 10 வரை போகலாம். டிராக்டர்காரருக்காகவும் கணக்குப் போட்ட அந்த விதியை நான் மதிக்கிறேன்.

அம்மா ஒருவர், ஜூஜுவாடி: மகள் வெக்டர் என்றாலே அழுகிறாள். பிளஸ் 1 இயற்பியலில் இரண்டாவது பாடத்திலேயே வந்து நிற்கிறது. டியூஷன் வைக்கலாமா?

வையுங்கள் அம்மணி. ஆனால் அதற்கு முன் தெருவில் ஒரு விஎம்சி ஆபரேட்டரைப் பிடியுங்கள். உங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் கிடைப்பார். மகள் எதைப் பார்த்து அழுகிறாளோ அதை அவர் ஷிஃப்டுக்கு எத்தனையோ முறை பயமில்லாமல் அடிக்கிறார். ஒரு ஜாபை எடுத்து வந்து, ‘இந்த வில்லுக்கு ஐ எவ்வளவு, ஜே எவ்வளவு?’ என்று அவளைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆற்றைக் கடக்கும் படகை வைத்தே இந்தப் பாடத்தைத் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. ஜூஜுவாடிப் பிள்ளைக்குப் படகு எங்கே, ஆறு எங்கே? மெஷின் இருக்கிறது, லாரி இருக்கிறது, வளைவு இருக்கிறது. ஓசூர்ப் பள்ளி ஆசிரியர்களே, வகுப்பை ஒரு நாள் ஷாப் ஃப்ளோருக்கு அழைத்துப் போங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டு.

ஓய்வு பெற்ற ஆசிரியர், தேன்கனிக்கோட்டை: இந்த அம்பை முதலில் எய்தவர் யார்?

ஒருவர் எய்யவில்லை. 1843 அக்டோபர் 16-ல் ஹாமில்டன் டப்ளினில் மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்தபோது நான்கு உறுப்பு எண்கள் பிடிபட்டு, பாலத்துக் கல்லிலேயே சூத்திரத்தைக் கீறினார். அதிலிருந்து மூன்றைப் பிரித்து இன்று நாம் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் 1880-களில் அமெரிக்காவில் கிப்ஸ், இங்கிலாந்தில் ஹெவிசைட். கீறியவருக்குக் கல்வெட்டு கிடைத்தது, பிரித்தவர்களுக்குப் பாடப்புத்தகம் கிடைத்தது.

பி.எஸ்சி. கணித மாணவர், ஓசூர்: பிரெனே, செரே சூத்திரங்களில் மூன்று அம்புகள் வருகின்றன. ஒரு பொருள் ஓடுவதற்கு எதற்கு மூன்று?

முதல் அம்பு போகும் திசை. இரண்டாவது, திரும்பும் திசை. மூன்றாவது இரண்டுக்கும் செங்குத்து. பிரெனே 1847-லும் செரே 1851-லும் தனித்தனியே எழுதினார்கள்.

சுவை எங்கே என்றால், எந்தப் பாதையானாலும் முடுக்கம் முதல் இரண்டு அம்புகளின் தளத்தைத் தாண்டாது. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் முதல் அம்பின் மேல். வளைப்பது இரண்டாவதின் மேல். மூன்றாவதின் மேல் முடுக்கத்துக்குப் பங்கே கிடையாது. மலைப் பாதை ஏறிக்கொண்டே திரும்புகிறதே, அந்த முறுக்கு முடுக்கத்தின் மாற்றத்தில்தான் தலைகாட்டும். மூன்றாம் அம்பு பேசாது, நேரம் வந்தால் உலுக்கும்.

அவரே: சீரான வட்ட இயக்கத்தில் மையநோக்கு விசை வேலையே செய்வதில்லை என்பது சரியா?

சரி. விசை எப்போதும் பாதைக்குச் செங்குத்து. அளவு மாறாத அம்பின் மாற்றம் அந்த அம்புக்குச் செங்குத்தாகத்தான் இருக்க முடியும். தன்னோடு தன்னைப் புள்ளிப் பெருக்கல் செய்து வகையிட்டால் இரண்டே வரியில் வந்துவிடும். நாள் முழுக்க இழுக்கிறது, செய்த வேலை சுழி. இயற்பியலின் கணக்கில் சம்பளமில்லாத உழைப்பாளி.

டாக்ஸி ஓட்டுநர், கிருஷ்ணகிரி: கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மொத்தம் எவ்வளவு திரும்புகிறேன்?

ஒவ்வொன்றையும் அரை வட்டம் என்று வைத்தால் 12,600 டிகிரி, முப்பத்தைந்து முழு வட்டம். ஆனால் வலம் ஒன்று, இடம் ஒன்று என்று மாறி மாறி வருவதால் கூட்டல், கழித்தலில் கிட்டத்தட்ட எல்லாம் கழிந்துவிடும். உங்கள் காரின் திசை கணக்குப் பார்த்துக் கழித்துக்கொள்ளும். பின் சீட்டுக் குழந்தையின் வயிறு குறி பார்க்காது, எல்லாவற்றையும் கூட்டும். வயிறு ஸ்கேலர்.

பைக் பிரியர், சிப்காட்: வளைவில் எவ்வளவு சாய்க்க வேண்டும்?

வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகு. அது சாய்வுக் கோணத்தின் டேன். 100 மீட்டர் ஆர வளைவில் 60-ல் போனால் ஏறக்குறைய 16 டிகிரி. அதே 60-ஐ 50 மீட்டர் வளைவில் வைத்தால் ஏறக்குறைய 30. உன் எடை இதில் எங்கும் வராது. ஒல்லிக்கும் பருமனுக்கும் ஒரே சாய்வு.

அவரே: பந்தயத்தில் முழங்கால் தரையில் உரசும்படி சாய்க்கிறார்களே?

மோட்டோஜிபி-யில் 60 டிகிரிக்கு மேல் போவார்கள். அவர்களுக்கு அதற்கென்றே செய்த டயர், சூடேற்றிய ரப்பர், மணல் துடைத்த தடம், தோல் உடை, ஓரத்தில் ஆம்புலன்ஸ். சாய்க்கத் துடித்தால் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குப் போ, 3.717 கிலோமீட்டர், வளைவுகள் காத்திருக்கின்றன. என்எச் 44-ல் டீசல் சிந்தியிருக்கும்.

டிவிஎஸ் 50 வைத்திருக்கும் பால்காரர், பாகலூர்: வண்டி 40-ல் ஓடும்போது டயரின் ஒவ்வொரு புள்ளியும் 40-ல்தானே ஓடுகிறது?

1980-ல் ஓசூரில் பிறந்த வண்டியை இன்னும் வைத்திருக்கிறீர்களா, வணக்கம்! இல்லை ஐயா. வழுக்காமல் உருளும் டயரில், தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது: வேகம் சுழி. உச்சிப் புள்ளி 80-ல் பறக்கிறது. உங்கள் 40 நடு அச்சின் வேகம்.

நிற்கிற அந்தக் கீழ்ப்புள்ளிக்கும் முடுக்கம் உண்டு, அச்சை நோக்கி மேலே. வேகமில்லாமல் முடுக்கம் இருக்குமா என்று எவனாவது கேட்டால் உங்கள் பால் வண்டியின் டயரைக் காட்டுங்கள்.

டீக்கடை வாடிக்கையாளர், ஜூஜுவாடி: நான் எங்கும் ஓடுவதில்லை, காலை முதல் இதே பெஞ்சுதான். எனக்கும் இந்தக் கணக்கு உண்டா?

உட்கார்ந்தபடியே மணிக்கு 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஓசூரின் அட்சரேகையில் பூமி சுழலும் வேகம் அது. வட்டப் பாதை என்பதால் பூமியின் அச்சை நோக்கி முடுக்கமும் உண்டு: நொடிக்கு நொடி 3.3 சென்டிமீட்டர், புவியீர்ப்பில் முந்நூறில் ஒரு பங்கு. மாநில எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கணக்கு. இதற்குப் பர்மிட் தேவையில்லை.

பிளஸ் 2 மாணவர், பர்கூர்: நிலா ஏன் விழவில்லை?

யார் சொன்னது? விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு நொடியும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் பக்கவாட்டில் போகிறது. அதே நொடியில் 1.36 மில்லிமீட்டர் நம்மை நோக்கி விழுகிறது. இரண்டும் சேர்ந்தால் வட்டம்.

நிலாவின் தூரம் பூமியின் ஆரத்தில் 60 மடங்கு. 60-இன் வர்க்கம் 3,600. இங்கே விழும் பொருளின் முடுக்கத்தை 3,600-ஆல் வகுத்தால் நிலாவின் முடுக்கம். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிப்பியாவின் உயிர்நாடி இந்த வகுத்தல்தான். அந்த நூலை இன்றைய கணிதத்தில் விளக்கி 1995-ல் ஒரு பெரும்புத்தகம் தந்தார் நம் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், 1983-ன் நோபல் பரிசுக்காரர். அவர் மறைந்ததும் அந்த 1995-ல்தான். நோபல் வாங்கியபின்னும் நியூட்டனிடம் மாணவராக உட்கார்ந்த மனிதர். தூரத்தில் நின்றே கும்பிடுகிறேன்.

அவரே: கோள்களின் பாதை நீள்வட்டம். வட்டத்துக்கு அங்கே இடமே இல்லையா?

ஒளிந்திருக்கிறது. கோளின் திசைவேக அம்புகளை எல்லாம் ஒரே புள்ளியில் வால் வைத்து வரைந்து, நுனிகளை இணை. அப்பழுக்கற்ற வட்டம் வரும். ஹாமில்டன் 1846-ல் கண்ட அழகு. இடத்தின் பாதை நீள்வட்டம், வேகத்தின் பாதை வட்டம். வானத்தில் தேடியவர்களுக்கு அகப்படாத வட்டம் காகிதத்தில் அகப்பட்டது.

செய்தி வாசகர், ஊத்தங்கரை: ஸ்ரீஹரிகோட்டா இருக்க, குலசேகரப்பட்டினத்தில் ஏன் இன்னொரு ஏவுதளம்?

வளைவைத் தவிர்க்க! துருவப் பாதைக்குச் செயற்கைக்கோளைத் தெற்கே விட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு நேர் தெற்கே இலங்கை. அதனால் முதலில் தென்கிழக்கே போய், பின் வளைந்து தெற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. பெரிய ராக்கெட் அந்தச் செலவைத் தாங்கும். எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டில் அது சுமக்கிற எடையையே சாப்பிட்டுவிடும். தூத்துக்குடி மாவட்டத்துக் கரையிலிருந்து தெற்கே கடல் மட்டும்தான். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

திருப்பம் எவ்வளவு விலை என்று பாருங்கள். வேகத்தின் அளவை மாற்றாமல் திசையை மட்டும் 60 டிகிரி திருப்ப, முழு வேகத்துக்குச் சமமான மாற்றம் தேவை. சமபக்க முக்கோணம் வரைந்தால் கண்ணுக்குத் தெரியும். நொடிக்கு 7.5 கிலோமீட்டரில் சுற்றும் செயற்கைக்கோளை 60 டிகிரி திருப்ப இன்னொரு 7.5 வேண்டும். வானத்தில் வழி தவறியவன் திரும்புவதைவிட, வீட்டிலிருந்து மறுபடி கிளம்புவது மேல்.

கிரிக்கெட் ரசிகர், ஜூஜுவாடி: அஸ்வினின் பந்து காற்றிலேயே விலகுவது எப்படி?

சுழல்வதும் ஓர் அம்பு, பறப்பதும் ஓர் அம்பு. இரண்டையும் குறுக்குப் பெருக்கல் செய்தால் கிடைக்கும் மூன்றாவது அம்பின் திசையில் காற்று தள்ளும். வலக்கை ஆட்டக்காரருக்கு ஆஃப் ஸ்பின் பந்து காற்றில் ஸ்லிப் பக்கம் நகர்ந்து, தரையில் விழுந்ததும் உள்ளே திரும்பும். 537 டெஸ்ட் விக்கெட்டுகள். குறுக்குப் பெருக்கலை விரலால் போட்டவர்.

லோடு லாரி ஓட்டுநர், ஜூஜுவாடி: தொப்பூர் இறக்கத்தில் காருக்கு ஒன்றும் ஆவதில்லை, அதே வேகத்தில் எங்கள் வண்டி ஏன் கவிழ்கிறது அண்ணா?

காரின் டயர் முதலில் வழுக்கும். உயரமாக லோடு ஏற்றிய லாரி, வழுக்குவதற்கு முன்பே சாயும். 80 மீட்டர் ஆர வளைவில் 60-ல் போனால் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். உயர லோடுக்கு அதுவே கிட்டத்தட்ட எல்லை. 60-ஐ 50 ஆக்குங்கள் தம்பி. குறைத்தது பத்துதான், பக்கவாட்டு இழுப்பில் 30 சதவீதம் போய்விடும். வர்க்கம் உங்கள் பக்கம் நிற்கும்.

பிரேக்கை வளைவுக்கு முன்பே, நேர்ப் பாதையில் போடுங்கள். டயரின் பிடி ஒரே கையிருப்பு. அதிலிருந்துதான் திருப்பத்துக்கும் எடுக்க வேண்டும், பிரேக்குக்கும் எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால் பிதாகரஸ்தான் பங்கு பிரிப்பார். திருப்பத்துக்கு 80 பங்கு கொடுத்தால் பிரேக்குக்கு 60 மிஞ்சும். திருப்பத்துக்கு 100-ஐயும் கொடுத்துவிட்டால் பிரேக்குக்குச் சுழி. அப்போது எவ்வளவு மிதித்தாலும் கையிருப்பில் இல்லாததை டயர் கொடுக்காது.

டெலிவரி வேலை பார்ப்பவர், மூக்கண்டப்பள்ளி: டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது அதன் இடப்பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது. நுழைந்து போய்விடலாமா?

கூடாது. கூடவே கூடாது.

முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் வராது. ஒவ்வொரு சக்கரத்தின் திசைவேக அம்பும் திருப்ப மையத்துக்குப் போகும் கோட்டுக்குச் செங்குத்து. முன் அச்சு பெரிய வட்டத்தில் போகும், பின் அச்சு சிறிய வட்டத்தில் உள்ளே வெட்டி வரும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 6 மீட்டர், முன் அச்சு 12 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வையுங்கள். பின் அச்சின் ஆரம் 10.4 மீட்டர்தான். 1.6 மீட்டர் உள்ளே வருகிறது. உங்கள் வண்டியும் நீங்களும் நிற்கிற அகலத்துக்கு மேல். டிரெய்லர் இன்னும் அதிகமாக வெட்டும்.

நீங்கள் பார்த்த இடைவெளி முன் சக்கரம் விட்டுச் சென்றது. பின் சக்கரம் அதை மூடிக்கொண்டு வருகிறது. ஓட்டுநரின் கண்ணாடியில் அப்போது நீங்கள் தெரியமாட்டீர்கள். அவர் மேல் குற்றமும் இல்லை.

அவரே: ஆர்டர் தாமதமானால் ரேட்டிங் போகுமே?

போகட்டும். சிப்காட் வாசலில் டிரெய்லர் திரும்புகிறதா, பின்னாலேயே நில்லுங்கள். கடைசிச் சக்கரம் திரும்பி முடித்து, வண்டி நேரான பிறகு போங்கள். ஷிஃப்ட் விடும் நேரத்தில் இதைப் பக்கத்து வண்டிக்காரருக்கும் சொல்லுங்கள்.